இரண்டாம் சனிக்கிழமை நோட்டு

சவுரிராயன் சாருக்கு ஆங்கிலம் பேச வராது என்பதை முதன்முதலில் வெளியே சொன்னவர் சவுரிராயன் சாரேதான்.

1994 ஜூன் மாதம் அது. விழுப்புரம் தனி மாவட்டமாகி ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. உயர்நிலைப் பள்ளிகளில் ஆங்கிலம் நடத்துகிற நாற்பது பேரை ஒரு பள்ளிக்கூட ஹாலில் உட்காரவைத்து ஐந்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். சென்னையிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் முதல் நாள் காலையிலேயே, ஒவ்வொருவராக எழுந்து தன்னைப் பற்றி இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்றார். ஹாலில் பல பேருக்குத் திடீரென்று தாகம் எடுத்தது. இரண்டு பேர் பாத்ரூம் போனார்கள், திரும்பவே இல்லை. நானும் என் முறை எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். என் பெயர் லூசியா. திண்டிவனம் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அப்போது எனக்கு மூன்றாம் வருடம். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவள்தான். ஆனால் தொடர்ந்து நாலு வாக்கியம் ஆங்கிலத்தில் பேசியதில்லை.

முன்வரிசையில் கறுத்து உயரமாக ஒருவர் எழுந்தார்.

"சார், ஐ ஆம் டீச்சிங் இங்கிலீஷ் நைன் இயர்ஸ். ஐ கேனாட் ஸ்பீக் இங்கிலீஷ்" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

சிலர் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு நீளவில்லை. அடுத்து எழுந்திருக்க வேண்டியவர்களும் அவர்களேதானே.

அன்று சாயங்காலம் விழுப்புரம் பேருந்து நிலையத்தில் திண்டிவனம் பஸ்ஸுக்காக நின்றபோது அவரே வந்து பேச்சுக் கொடுத்தார். கெடார் பக்கத்து ஊர். அப்பா தொம்மை கரும்பு வெட்டப் போகிறவர், அம்மா அற்புதமேரி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கப் போகிறவர். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லை. ஹாஸ்டலில் தங்கிப் படித்து, ஆசிரியராகி, வந்தவாசி சாலையில் ஒரு கிராமத்துப் பள்ளியில் வேலை. வேறு யாரும் எடுக்க மாட்டேன் என்றதால் ஆங்கிலம் இவர் தலையில் விழுந்திருக்கிறது. அதன்பிறகு தபாலில் எம்.ஏ. படித்து முடித்திருந்தார்.

எங்களோடு இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் வெங்கடாசலம் சார். ஓய்வு பெற ஏழெட்டு வருடம் பாக்கி இருந்தது. இலக்கணத்தில் புலி. வாய் திறந்தால் திக்கும். இன்னொருவர் திருவெண்ணெய்நல்லூரிலிருந்து வந்திருந்த செண்பகம் டீச்சர். அவர் படித்தது வரலாறு. அந்தக் காலத்தில் எந்தப் பாடம் படித்த பட்டதாரி ஆசிரியரையும் ஆங்கிலம் எடுக்கச் சொல்லலாம், அப்படி மாட்டிக்கொண்டவர்.

"நான் படிக்கசொல்ல ஒரு வாத்தியார் இருந்தாரு டீச்சர்," என்றார் சவுரிராயன் சார். "கையைத் தூக்கி சந்தேகம்னு கேட்டா, உனக்கு எதுக்குடா அதெல்லாம்னு உட்கார வெச்சிடுவாரு. கடைசி பெஞ்சு. அத்தோட கேக்குறதையே வுட்டுட்டேன். இப்ப நானே வாத்தியார் ஆயிட்டேன், இன்னும் யார்கிட்டயும் கேக்க முடியல. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லிக்கினு உட்கார நமக்குன்னு ஒரு இடம் வேணும்."

"எங்க போறது சார் அதுக்கு?" என்று செண்பகம் டீச்சர் கேட்டார்.

இடம் நான் பார்த்தேன். எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பு நடக்கும் அறை மற்ற நாட்களில் சும்மாதான் கிடக்கும். பங்குச் சாமியார் சாவியைக் கொடுத்தார். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, காலை பத்திலிருந்து ஒன்று வரை. அந்த ஆண்டு ஆகஸ்டில் நாலு பேரோடு ஆரம்பித்தோம்.

ஒரே ஒரு விதி. ஒவ்வொருவரும் சரியாக வராத ஒரு பாடத்தைக் கொண்டுவர வேண்டும். நன்றாக நடத்தியதைப் பற்றிப் பேசக் கூடாது. அறையில் பேசியது அறையோடு.

முதல் மாதங்களில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே கூச்சமாக இருந்தது. வெங்கடாசலம் சார் வீட்டிலிருந்து டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தார். ஆளுக்கு ஒரு பத்தி வாசித்துப் பதிவு செய்து கேட்டோம். என் குரலை நான் முதலில் கேட்ட அன்று எழுந்து வெளியே போய்விட்டேன். 'சின்ஸ்' வரும் இடத்தில் 'ஃபார்' போட்டு நான் மூன்று வருடமாக நடத்திக்கொண்டிருந்தது அந்த அறையில்தான் தெரிந்தது. வெங்கடாசலம் சார் பொறுமையாக எட்டு உதாரணம் எழுதிப் போட்டார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்தபோதும் சேர்ந்துதான் சிரித்தோம்.

பிறகு ஒருவர் வகுப்பை ஒருவர் போய்ப் பார்க்க ஆரம்பித்தோம். அதற்காக ஆளாளுக்கு சி.எல். லீவு போட்டோம். ஒருநாள் செண்பகம் டீச்சர் இரண்டு பஸ் மாறி சவுரிராயன் சார் பள்ளிக்குப் போய், கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தார். அடுத்த சனிக்கிழமை தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"தப்பா நெனைக்காதீங்க சார். நீங்க கேள்வி கேக்குறீங்க. மூணு எண்றதுக்குள்ள நீங்களே பதிலையும் சொல்லிடுறீங்க. எனக்குப் பக்கத்துல ரோஜான்னு ஒரு பொண்ணு. அதுக்கு பதில் தெரியுது சார். வாயத் திறக்குறதுக்குள்ள நீங்க முடிச்சிடுறீங்க. ஒன்பது தடவ பாத்தேன்."

சவுரிராயன் சார் முகம் மாறிப்போனது. பிறகு, "ஒன்பது தடவையா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த வாரத்திலிருந்து கேள்வி கேட்டுவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மனதுக்குள் பத்து வரை எண்ணினாராம். நாலாம் நாள் ரோஜா பதில் சொன்னாள். அதை அடுத்த கூட்டத்தில் வந்ததும் வராததுமாக எங்களிடம் சொன்னார். இந்த நல்ல செய்திக்காக மட்டும் விதியைத் தளர்த்திக்கொண்டோம்.

இதையெல்லாம் அவர் ஒரு நீண்ட ரூல்டு நோட்டில் எழுதிவைத்தார். தேதி, பெயர், பள்ளி, வகுப்பு, எந்தப் பாடம், என்ன தவறு, என்ன பேசினோம். முத்து முத்தான கையெழுத்து. எழுதாவிட்டால் மறந்துபோகும் என்பார். அவருடைய சொந்தத் தவறுகள்தான் அதில் அதிகப் பக்கம்.

1998 பிப்ரவரியில் செண்பகம் டீச்சர் ஒரு அகராதியோடு வந்தார். உட்கார்ந்ததும் சொன்னார்.

"நான் ஒண்ணு கண்டுபிடிச்சிட்டேன்."

ஏரியைப் பற்றி ஒரு சின்னப் பாட்டு. அதில் 'ஸ்டில் வாட்டர்' என்று ஓர் இடம் வரும். ஸ்டில் என்றால் இன்னும் என்று டீச்சருக்குத் தெரியும். அதனால் 'இன்னும் தண்ணீர்' என்று நடத்தியிருக்கிறார். 'ஏரியில் இன்னும் தண்ணீர் இருக்கிறது' என்று பொருள் சொல்லி, ஏழு வருடம். பிள்ளைகளும் அப்படியே பரீட்சையில் எழுதியிருக்கிறார்கள். ஒருவரும் கேட்டதில்லை. அந்த வாரம் வேறு ஏதோ சொல்லுக்காக அகராதியைப் புரட்டியபோது அந்தச் சொல்லின் இன்னொரு பொருள் கண்ணில் பட்டிருக்கிறது. அசையாத.

"அசையாத தண்ணி சார்! காத்தே இல்லாம, அப்படியே நிக்கிற தண்ணி. எங்க ஊரு ஏரிய அப்படி எத்தினி தடவ பாத்திருக்கேன். அந்தப் பாட்டு எவ்ளோ அழகுன்னு எனக்கு இப்பதான் தெரியுது. மறுநாளே பிள்ளைங்ககிட்ட சொன்னேன், நான் தப்பா சொல்லிட்டேன், மாத்திக்கங்கன்னு."

சொல்லும்போதே அவர் சிரித்தார், கண்ணில் தண்ணீரும் வந்தது. அன்றைக்குப் பதினைந்து பேர் இருந்தோம். எல்லோரும் கைதட்டினோம். சவுரிராயன் சார் அதை ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதினார்.

அடுத்த வருடம் நாங்கள் பத்தொன்பது பேர். கோட்டக்குப்பத்திலிருந்துகூட ஆள் வந்தார்கள். எல்லோருக்கும் சி.எல். தீர்ந்துகொண்டிருந்தது. ஒருவர் வகுப்பை ஒருவர் பார்க்கப் போகும் நாளைப் பணி நாளாகக் கணக்கில் எடுத்துக்கொண்டால் எவ்வளவோ செய்யலாம் என்று ஒரு விண்ணப்பம் எழுதினோம். 1999 ஜூலையில் அதை எடுத்துக்கொண்டு சவுரிராயன் சாரும் நானும் விழுப்புரத்தில் ஓர் அதிகாரியைப் பார்க்கப் போனோம். அவர் பெயர் இங்கே வேண்டாம். புதிதாக வந்திருந்தார்.

உள்ளே போனதும், "உட்காருங்க" என்றார் அதிகாரி.

சவுரிராயன் சார் ஒரு கணம் அப்படியே நின்றார். பதினாலு வருட வேலையில் எந்த அதிகாரியும் அவரை உட்காரச் சொன்னதில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அதிகாரி விண்ணப்பத்தைப் படித்துவிட்டு, "நல்ல விஷயமாத்தான் இருக்குது. ஆனா நீங்க வெறும் டீ குடிச்சிட்டுப் போகலைன்றதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார்.

சவுரிராயன் சார் பையைத் திறந்தார். நோட்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். அறையில் பேசியது அறையோடு என்று எனக்கும் தெரியும். வேண்டாம் சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. எங்கள் வேலையை ஒரு பெரிய மனிதர் புரட்டிப் பார்க்கிறார் என்ற பெருமை எனக்கும் இருந்தது.

"இருக்கட்டும். படிச்சிட்டுத் தர்றேன்" என்றார் அதிகாரி.

திரும்பி வருகிற பஸ்ஸில் சவுரிராயன் சார் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, "பாத்தீங்களா டீச்சர், ஒவ்வொரு பக்கமா படிச்சாரு" என்று இரண்டு தடவை சொன்னார்.

மூன்று வாரம் கழித்துத் தலைமை ஆசிரியர்கள் கூட்டம். தேர்ச்சி விகிதம் ஏன் குறைகிறது என்று பேச்சு வந்தபோது, அதிகாரி நோட்டை எடுத்து ஒரு பக்கத்தை மைக்கில் படித்திருக்கிறார். டீச்சர் பெயர், பள்ளிப் பெயர், எல்லாம். "ஏழு வருஷமா இன்னும் தண்ணீர், இன்னும் தண்ணீர்னு நடத்தியிருக்காங்க. இவங்க கிட்ட படிச்சா புள்ளைங்க எப்படிப் பாஸ் பண்ணும்?" என்றாராம். நூற்றுக்கும் மேற்பட்ட தலைமை ஆசிரியர்கள் சிரித்திருக்கிறார்கள். அந்த நோட்டில் ஐந்து வருடத்தில் வந்துபோன நாற்பத்தேழு பேருடைய தவறுகள் இருந்தன. என்னுடையது ஆறு பக்கம். அவர் எடுத்தது அந்த ஒரு பக்கம்.

ஒரு வாரத்துக்குள் செண்பகம் டீச்சருக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பள்ளிக்கூடச் சுவரில் யாரோ கரியால் 'இன்னும் தண்ணீர்' என்று எழுதினார்கள். பஸ் ஸ்டாண்டில் பழைய மாணவர்கள் அதைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். செப்டம்பரில் கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கு மாற்றல் உத்தரவு வந்தது. எங்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அனுமதி இல்லாமல் இனிமேல் கூடவும் கூடாது என்று எழுத்தில் வந்தது.

சவுரிராயன் சார் அதிகாரியிடம் மறுபடி போனார். இந்தத் தடவை வராந்தாவில் மூன்று மணி நேரம் நிற்கவைத்தார்கள். உள்ளே போய், அந்தத் தவறு செய்தது நான்தான், பெயரை மாற்றி எழுதிவிட்டேன், மெமோவை எனக்குக் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். பொய் சொன்னதற்காக அவருக்கும் ஒரு மெமோ வந்தது. செண்பகம் டீச்சரின் மாற்றல் உத்தரவு மாறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவரும் நானும் திருவெண்ணெய்நல்லூர் போனோம். டீச்சர் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் கணவர் கிருஷ்ணசாமி உரக்கடை வைத்திருந்தார். கடையை விட்டுவிட்டு மலைக்குப் போக முடியாது. டீச்சர் மட்டும் தனியாகப் போய்த் தங்க வேண்டும். பெண் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு சார் எழுதினீங்க அதை?" என்று கிருஷ்ணசாமி கேட்டார். சத்தம் போடவில்லை. "எழுதினீங்க, சரி. பேரு எதுக்கு எழுதினீங்க?"

சவுரிராயன் சார் கைகூப்பி நின்றார். "டீச்சர், என்ன மன்னிச்சிடுங்க. நம்ம வேலை தெரியட்டும்னுதான் குடுத்தேன்."

செண்பகம் டீச்சர் புடவையை மடித்துக்கொண்டே சொன்னார். "நான் தப்பா நடத்துறேன்னு ஏழு வருஷம் எச்.எம்.முக்குத் தெரியல, இன்ஸ்பெக்ஷன் வந்தவங்களுக்குத் தெரியல, யாருக்கும் தெரியல சார். நானா கண்டுபிடிச்சேன். அன்னிக்கு எனக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா? உத்தியோகத்துக்கு வந்து அப்படி ஒரு சந்தோஷம் வந்ததே இல்ல. அதை எடுத்துக்கினு போய் அந்தாளு கையில குடுத்துட்டீங்க."

அவ்வளவுதான். பிறகு எங்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தார். அந்தக் காபியை எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை.

இரண்டு வருடம் கழித்து அந்த அதிகாரி மாறிப் போனார். 2001இல் மறுபடி அதே அறையில் கூடினோம். எட்டுப் பேர் வந்தார்கள். ஆனால் யாரும் தவறைக் கொண்டுவரவில்லை. ஒருவர் தன் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்றார். ஒருவர் தான் செய்த சார்ட்டைக் காட்டினார். சவுரிராயன் சார் மட்டும் பழையபடி, "போன வாரம் நடத்துன பாடம் ஓடவே இல்ல" என்று ஆரம்பித்தார். எல்லோரும் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நோட்டு எங்கும் இல்லை, அவர் கையில் பேனாகூட இல்லை. ஆனாலும் யாருக்கும் வாய் வரவில்லை. ஓய்வு பெற்றுவிட்ட வெங்கடாசலம் சார் கொஞ்ச காலம் வந்தார். 2003இல் ஒரு சனிக்கிழமை நானும் சவுரிராயன் சாரும் மட்டும் பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தோம். அன்றோடு சாவியைச் சாமியாரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

பிறகு அரசாங்கமே ஆசிரியர்களைக் கூட்டிப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது. 2007இல் என்னைப் பயிற்சி நடத்தும் கருத்தாளராகப் போட்டார்கள். அதற்குள் எனக்கு ஆங்கிலம் தடையில்லாமல் வந்தது. அது அந்த அறையில் வந்த ஆங்கிலம். ஒரு பயிற்சியில் சவுரிராயன் சார் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். உங்கள் சிறந்த வகுப்பைப் பகிர்ந்துகொள்ளுங்கள் என்பது அன்றைய நிகழ்ச்சி. அவர் கையைத் தூக்கி எழுந்தார்.

"எனக்குச் சரியா வராத ஒரு பாடத்தப் பத்திப் பேசலாமா மேடம்?"

இளம் ஆசிரியர்கள் சிலர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். மணி நாலு ஆகிக்கொண்டிருந்தது. பின்னால் மேலதிகாரி ஒருவர் நின்றிருந்தார். "டைம் இல்ல சார், அடுத்த தடவ பேசலாம்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். என்னை மேடம் என்று அவர் கூப்பிட்டது அன்று ஒருநாள்தான்.

செண்பகம் டீச்சர் ஆறு வருடம் மலையில் இருந்துவிட்டுக் கீழே வந்தார். ஆங்கிலத்துக்குத் தனி ஆசிரியர்கள் வந்துவிட்டதால் அவர் வரலாறு மட்டும் எடுத்தார். ஏப்ரல் மாதங்களில் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்த விழுப்புரத்தில் முகாம் போடுவார்கள். ஆங்கிலம் மாடியில், சமூக அறிவியல் கீழே. 2009இல் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சவுரிராயன் சார் என்னையும் கூட்டிக்கொண்டு கீழே போனார். டீச்சர் நரைத்திருந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்தார், முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று சவுரிராயன் சாரை விசாரித்தார்.

"டீச்சர், அன்னிக்கு நான்…" என்று சவுரிராயன் சார் ஆரம்பித்தார்.

"சாப்டீங்களா சார்? மோரு இருக்குது, ஊத்தட்டுமா?" என்றார் டீச்சர்.

அடுத்த வருடமும் அப்படியே. அதற்கடுத்த வருடமும். அவர் வாயெடுப்பார், டீச்சர் மோர் டப்பாவைத் திறப்பார். கோபம் இருந்த மாதிரியே தெரியவில்லை. ஆனால் அந்தப் பேச்சுக்கு மட்டும் இடம் கொடுக்கவில்லை.

2012 ஏப்ரலில் அந்த நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். விசாரித்தோம். ஜனவரியிலேயே இறந்துவிட்டார் என்றார்கள். கர்ப்பப்பையில் புற்றுநோய். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எங்களிடம் சொல்வதற்கு நாங்கள் அவருக்கு யார்?

சவுரிராயன் சார் மாடிக்குப் போய் மிச்சமிருந்த பதினைந்து விடைத்தாளையும் திருத்திக் கொடுத்தார். அவற்றின் மதிப்பெண்களை நான் கூட்டினேன். அங்கிருந்து நேராகத் திருவெண்ணெய்நல்லூர் பஸ் ஏறினோம். கிருஷ்ணசாமி எங்களை அடையாளம் கண்டுகொண்டார். உட்காரச் சொன்னார். சுவரில் மாலை போட்ட படம். சவுரிராயன் சார் அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

"என்னப் பத்தி எதுனா சொன்னாங்களா?" என்று கேட்டார்.

கிருஷ்ணசாமி யோசித்தார். "இல்ல சார். நல்லதும் சொன்னதில்ல, கெட்டதும் சொன்னதில்ல. அந்த வருஷத்துக்கு அப்பால அவங்க பள்ளிக்கூடத்துப் பேச்சையே வீட்டுல எடுக்கறதில்ல. அதுக்கு முன்ன சனிக்கிழம வந்தா, வாசல்ல செருப்பக் கழட்டும்போதே ஆரம்பிச்சிடுவாங்க, இன்னிக்கு இது பேசுனோம், அது பேசுனோம்னு. நான் கூட பேஜாரா இருக்குதும்மான்னு சிரிப்பேன்."

சவுரிராயன் சார் 2014இல் ஓய்வு பெற்றார். விழா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மனைவி இருதயமேரியோடு திண்டிவனத்திலேயே ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார். மகன் லூர்து பிரகாஷ் சென்னையில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை நான் போய்ப் பார்ப்பேன். உடம்பு, மழை, பேரப்பிள்ளை என்று எல்லாம் பேசுவோம். அந்த ஒன்றைப் பேசுவதில்லை.

போன மாதம் ஒரு பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகு, வேலைக்கு வந்து இரண்டு வருடமே ஆன ஒரு பெண் ஹாலிலேயே தங்கினாள். கதவைப் பார்த்துவிட்டு என் அருகில் வந்து, "மேடம், ஒரு பாடத்த ரெண்டு வருஷமா தப்பா நடத்திட்டேன்னு நெனைக்கிறேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றாள். அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினோம்.

அதை அவரிடம் சொல்லப் போனேன். "நம்ம பக்கத்து ஸ்கூல்தான் சார், பொண்ணு பேரு…" என்று ஆரம்பித்ததும் சவுரிராயன் சார் அவசரமாகக் கையை உயர்த்தித் தடுத்தார்.

"பேரு வேணாம் டீச்சர். ஸ்கூலும் வேணாம்."

நான் நிறுத்திக்கொண்டேன். உள்ளே இருதயமேரி அக்கா பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. அவர் நாற்காலியின் கையைப் பிடித்தபடி தரையைப் பார்த்தார். பிறகு தலை நிமிராமலே கேட்டார்.

"அந்தப் பொண்ணு அழுதுச்சா?"

"இல்ல சார். போகும்போது சிரிச்சுக்கினுதான் போச்சு."

"சரி" என்றார்.